வழக்கும் அறமும்

தமிழில் ‘வழக்கு’ என்று ஒரு சொல் இருக்கிறது. நெடுங்காலமாக உலகத்தார் வழங்கி வருவது எதுவோ அதற்கும் வழக்கு என்று பெயர். வாதியும் பிரதிவாதியும் கோர்ட்டுப் படியேறித் தொடுத்துக்கொள்வதற்கும் வழக்கு என்றே பெயர். ‘நீதி’ என்ற சொல்லும் இப்படித்தான். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டு மனனம் செய்தவை நீதி நூல்கள். கறுப்பு அங்கி அணிந்தவர் வீற்றிருக்கும் கட்டடம் நீதிமன்றம். இன்னும் ‘முறை’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டால், உறவு முறை, பூஜை முறை, அரசனிடம் போய் முறையிடுவது எல்லாம் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. சட்டம் வேறு, ஒழுக்கம் வேறு, ஊர் வழக்கம் வேறு என்று பாத்தி கட்டிப் பிரித்து வைக்கும் எண்ணம் நம் பாஷைக்கு அவ்வளவாக இருந்ததில்லை என்று தோன்றுகிறது.

பிரித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், தம் உரைப்பாயிரத்தில் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்று கூறாக்குகிறார். ஒரு பொருளை இருவர் தம்முடையது என்று சொல்லித் தொடுப்பது வழக்கு. நெறி தவறியவனை அதற்குத் தக்கபடி ஒறுப்பது தண்டம். இவ்விரண்டும் உலகம் நிலைகுலையாமல் நடப்பதற்கு உதவுமேயன்றி உயிர்க்கு உறுதி பயப்பதில் ஒழுக்கத்தைப் போன்ற சிறப்புடையன அல்லவென்றும், ஆகையால் வள்ளுவர் ஒழுக்கத்தையே அறமென்று எடுத்துக்கொண்டாரென்றும் அவர் கருத்து. மிக நுட்பமான பாகுபாடுதான். ஆனால் அந்த ஒழுக்கம் யாது என்று வருகையில், அந்தணர் முதலிய வருணத்தார் தத்தமக்கு விதித்த நிலைகளில் நின்று ஒழுகுவது என்று அவர் சொல்லிவிடுகிறார். வள்ளுவர் அப்படிச் சொன்னாரா என்பது பண்டிதர்களின் விவகாரம்; நான் அதில் தலையிடவில்லை. ஒருவருடைய காலத்து ஊர் வழக்கம், அவர் எத்தனை பெரிய அறிவாளியானாலும், அவருக்கு அறமாகவே காட்சியளித்துவிடக்கூடும் என்பதற்காக இதை எடுத்துச் சொன்னேன்.

இந்தச் சொல்லாராய்ச்சிக்குக் காரணம் இல்லாமலில்லை. எங்கள் திருவேங்கடம் முன்பு சங்கரன்கோவில் தாலூகாவைச் சேர்ந்தது. இப்போது தனித் தாலூகாவாகித் தென்காசி ஜில்லாவில் இருக்கிறது. சங்கரன்கோவில் என்றவுடன் நேயர்களுக்கு ஆடித் தபசு நினைவுக்கு வரும். சிவன் பெரியவனா, விஷ்ணு பெரியவனா என்று சண்டையிட்ட சங்கன், பதுமன் என்னும் இரண்டு நாகர்களுக்கு, இருவரும் ஒருவரே என்று பாதி உடல் அரனாகவும் பாதி உடல் அரியாகவும் இறைவன் காட்சி கொடுத்த ஸ்தலம். இத்தகைய புண்ணிய பூமியின் சுற்றுவட்டாரத்தில் பாஞ்சாகுளம் என்ற சிற்றூரில், 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு சம்பவம் நடந்தது.

பள்ளிக்கூடத்துச் சிறு பிள்ளைகள் சிலர் கையில் காசுடன் பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்கப் போனார்கள். கடைக்காரர் அவர்களை ஏசவில்லை, அடிக்கவில்லை. ஊரிலே கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருவைச் சேர்ந்த யாருக்கும் இனிமேல் சாமான் கொடுப்பதற்கில்லை, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று சமாதானமான குரலிலேயே சொல்லி அனுப்பினார். கட்டுப்பாடு என்றால் என்ன என்று ஒரு குழந்தை கேட்டது. இவ்வளவும் ஒரு கைப்பேசியில் படமாகப் பிடிக்கப்பட்டு, இரண்டொரு நாளில் நாடு முழுவதும் பரவிவிட்டது. அந்தப் பிள்ளைகள் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதை நான் சொல்லாமலே நேயர்கள் ஊகித்திருப்பார்கள். இரு சாராருக்கும் இடையே முன்பு மூண்ட ஒரு தகராறும், அதன் பேரில் நடந்து வந்த வழக்குமே இதற்குப் பின்னணி என்று அப்போது பத்திரிகைகள் எழுதின.

அந்தப் படத்தில் என் மனத்தை விட்டு அகலாதது கடைக்காரரின் குரல்தான். அதிலே கோபம் இல்லை. குற்றம் செய்கிறோம் என்ற கூச்சமும் இல்லை. ஒரு குமாஸ்தா, ‘இன்று கஜானா விடுமுறை, நாளை வாருங்கள்’ என்று சொல்வதைப் போன்ற குரல் அது. ஊர் கூடி விதித்திருக்கிறது, விதித்ததை நடத்துகிறேன், இதில் என் சொந்த விருப்பு வெறுப்பு ஏது? அவருடைய மனத்திலே அவர் சட்டத்தை மீறியவர் அல்லர், சட்டத்துக்கு அடங்கியவர். அவருடைய சட்டம் வேறு என்பதுதான் விஷயம்.

ஒரு வியாபாரி தன் சரக்கை இன்னாருக்குத்தான் விற்பேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை இல்லையா என்று சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கடன் பாக்கி வைத்தவனுக்கு இல்லையென்று சொல்லலாம். குடித்துவிட்டு வந்து கூச்சலிடுகிறவனை வெளியே போகச் சொல்லலாம். ஒரு குழந்தைக்கு மிட்டாய் கொடுக்க மறுப்பது, வெறும் செய்கையாக நோக்கினால், எந்தத் தண்டனைச் சட்டத்திலும் அடங்காத அற்பக் காரியம். அந்த மறுப்புக்குச் சொன்ன காரணமே அதைக் குற்றமாக்குகிறது. 1950-இல் அமலுக்கு வந்த நம் அரசியல் சாஸனத்தின் 15-வது விதி, ஜாதி காரணமாக யாரையும் தடுக்கக் கூடாத பொது இடங்களைச் சொல்லும்போது கடைகளைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கடை என்பது இத்தனை பெரிய சாஸனத்தில் இடம்பெறத் தக்க வஸ்துவா என்று எழுபது வருஷங்களுக்கு முன் யாராவது சிரித்திருப்பார்களேயானால், அவர்கள் பாஞ்சாகுளத்தைப் பார்த்திருக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்க 1989-இல் செய்த சட்டத்துக்கு 2015-இல் ஒரு திருத்தம் வந்தது. அதில், சமூக பகிஷ்காரம் அல்லது பொருளாதார பகிஷ்காரம் செய்வதும், செய்வதாக மிரட்டுவதும் தனிக் குற்றமாக்கப்பட்டன.

கடை பூட்டி முத்திரையிடப்பட்டது, கைதுகள் நடந்தன. அதன் பிறகு நடந்ததுதான் விசேஷம். சம்பந்தப்பட்ட ஐந்து பேர் ஆறு மாத காலம் அவ்வூருக்குள் பிரவேசிக்கக் கூடாதென்று திருநெல்வேலி விசேஷ நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊர்க் கட்டுப்பாட்டின் கையிலிருந்த ஆயுதங்களில் மிகக் கொடியது ஊர் விலக்கம். நெருப்புக் கொடாதே, தண்ணீர் கொடாதே, வண்ணான் நாவிதன் போகாதே, சாவுக்கு எட்டிப் பார்க்காதே என்று தள்ளி வைப்பது நம் கிராமங்கள் நெடுநாள் கையாண்ட தண்டனை. அதே ஆயுதத்தைச் சர்க்கார் சட்டம் வாங்கி, விலக்கியவர்களையே ஆறு மாதத்துக்கு விலக்கி வைத்தது. இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனால், சட்டம் என்றால் எப்போதும் எளியவன் பக்கம், வழக்கம் என்றால் எப்போதும் வலியவன் பக்கம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் ராஜதானியிலே சட்டமும் வழக்கமும் கைகோத்துக்கொண்டு அறத்தை வாசலிலே நிறுத்திய காலம் ஒன்றிருந்தது. அது வெகு தூரத்துக் கதையுமன்று.

இராமநாதபுரம் சமஸ்தானத்தில் கமுதி என்னும் ஊரில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயில் இருக்கிறது. 1897-ஆம் ஆண்டில் நாடார் சமூகத்தைச் சேர்ந்த சிலர் அக்கோயிலுக்குள் சென்று ஸ்வாமி தரிசனம் செய்தார்கள். கோயில் பரம்பரை தர்மகர்த்தாவான பாஸ்கர சேதுபதி, அவர்கள் உட்பிரவேசித்தது வழக்கத்துக்கு விரோதமென்றும், கோயிலைச் சுத்தி செய்யும் செலவை அவர்கள் கொடுக்க வேண்டுமென்றும் மதுரைக் கோர்ட்டிலே வியாஜ்யம் தொடுத்தார். பாஸ்கர சேதுபதி யார் தெரியுமோ? ஸ்வாமி விவேகானந்தர் 1893-இல் சிகாகோ செல்லத் தூண்டி உதவி செய்த அதே மன்னர்தாம். சர்வ சமயத்தாரும் சகோதரர் என்று கடல் கடந்து முழங்கிய குரலுக்குப் பின்னின்று உதவியவர், தம் கோயில் வாசலில் நின்றவர்களைச் சகோதரர் என்று ஏற்க முடியாமற்போயிற்று. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? தர்மகர்த்தா என்ற ஹோதாவில் வழக்கத்தைக் காப்பதே தம் தர்மம் என்று அவரிடம் சொல்ல அக்காலத்தில் நூறு பேர் இருந்திருப்பார்கள்.

கீழ்க் கோர்ட்டு சேதுபதி பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று. சென்னை ஹைகோர்ட்டும் அதையே ஊர்ஜிதம் செய்தது. சேதுபதி 1903-இல் காலமான பின்னரும் வழக்கு ஓயவில்லை. கடைசியாக லண்டனில் பிரிவி கௌன்ஸில் 1908-ஆம் ஆண்டில் அப்பீலைத் தள்ளிவிட்டது. கனவான்களாகிய அந்த ஆங்கில நீதிபதிகளுக்கு எந்த ஜாதி மீதும் துவேஷம் இருந்திருக்க நியாயமில்லை. அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றே: இக்கோயிலில் இன்னார் நுழையலாகாது என்ற வழக்கம் பூர்வீகமாக இருந்து வந்ததா, இல்லையா? சாட்சிகள் ‘இருந்தது’ என்றார்கள். இருந்ததென்றால் அதுவே சட்டம். அது நியாயமா என்று கேட்பது கோர்ட்டின் வேலையன்று.

இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஹிந்துக்களிடையே தெளிவாக ருசுவான வழக்கம், எழுதி வைத்த சாஸ்திர வசனத்தைக் காட்டிலும் வலியது என்ற கோட்பாட்டைப் பிரிவி கௌன்ஸில் நிலைநாட்டியது 1868-ஆம் ஆண்டில். அதுவும் இராமநாதபுரத்து வழக்கேதான். விதவையான ராணி பர்வதவர்த்தனி நாச்சியார், பங்காளிகளின் சம்மதத்தோடு சுவீகாரம் எடுத்தது செல்லுமா என்பது அந்த விவகாரம். செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அப்படிச் சுவீகாரம் வந்தவருடைய குமாரரே பாஸ்கர சேதுபதி. ஆக, ஒரு ஸ்திரீக்கு நன்மை செய்த அதே கோட்பாடு, நாற்பது வருஷம் கழித்து ஒரு சமூகம் முழுவதையும் கோபுரத்துக்கு வெளியே நிறுத்திவிட்டது. வழக்கம் என்பது கத்தியைப் போன்றது. யார் கையில் இருக்கிறதென்று பார்க்க வேண்டும்.

அக்காலத்து எங்கள் பக்கத்து நிலைமையையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள கழுகுமலையில் 1895-ஆம் ஆண்டுப் பங்குனித் திருவிழாவின்போது, தேர் ஓடும் வீதியைப் பற்றிய தகராறு கலகமாகி உயிர்ச்சேதம் நேர்ந்தது. 1899-இல் சிவகாசிக் கலகம். இவற்றின் விவரங்களைக் கிளற எனக்கு விருப்பமில்லை. அந்தப் பேரப் பிள்ளைகள் எல்லோரும் இன்று ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார்கள். கோர்ட்டு கைவிட்ட நாடார் சமூகத்தார் என்ன செய்தார்கள் என்பது மட்டும் சொல்லத் தக்கது. அவர்கள் பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள். விருதுநகரில் அவர்கள் மகமைப் பணத்தில் ஏற்படுத்திய க்ஷத்திரிய வித்தியாசாலையிலே படித்த ஒரு சிறுவன், 1954-ஆம் ஆண்டில் சென்னை ராஜ்யத்தின் முதன்மந்திரியானான். காமராஜ் என்ற பெயரை நேயர்கள் அறிவார்கள்.

இனி, சட்டம் எப்படித் தன் பக்கத்தை மாற்றிக்கொண்டது என்பதற்கு வருவோம். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி திருவாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் ஒரு பிரகடனத்தால் தம் ராஜ்யத்து ஆலயங்களை ஹிந்துக்கள் அனைவருக்கும் திறந்துவிட்டார். அது அரசனுடைய ஆணை. மேலேயிருந்து இறங்கிய நீதி. அதற்கு முன்னால் வைக்கம் தெருவில் 1924-லும் 1925-லும் ஜனங்கள் வெயிலிலும் மழையிலும் நின்ற சத்தியாக்கிரகம் இல்லாவிட்டால், அந்த ஆணை இறங்கியிருக்குமா என்பது சந்தேகமே. மதுரையிலோ காரியம் வேறு விதமாக நடந்தது.

1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி. வக்கீல் அ. வைத்தியநாதய்யர், அக்காலத்தில் ஹரிஜனர் என்று வழங்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஐவரையும், விருதுநகர் எஸ். எஸ். சண்முக நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் ஆலயத்துக்குள் நுழைந்து தரிசனம் செய்வித்தார். ஐவரில் ஒருவர் கக்கன். சட்டத்தைத் தொழிலாகக் கொண்ட வைத்தியநாதய்யருக்குப் பிரிவி கௌன்ஸில் 1908-இல் சொன்னது என்ன என்று தெரியாதிருக்குமா? தெரிந்தேதான் போனார். அன்று காலையில் அமலிலிருந்த சட்டப்படி பார்த்தால் அவர் செய்தது வழக்கத்தை மீறிய காரியம். எதிர்த்தரப்பார் கோர்ட்டுக்குப் போகவும் தயாரானார்கள். அப்போது சென்னை மாகாணப் பிரதமராக இருந்தவர் ராஜாஜி. அம்மாதத்திலேயே கவர்னர் பெயரால் ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. பின்பு அவ்வாண்டிலேயே ஆலயப் பிரவேச அதிகாரமளிப்பு மற்றும் இழப்புக் காப்புச் சட்டமாக நிறைவேறியது. நடந்துவிட்ட ஒன்றுக்கு முன் தேதியிட்டுப் பாதுகாப்புக் கொடுத்த சட்டம் அது.

இதை அந்நாளில் பலர் கண்டித்தார்கள். முதலில் சட்டம் செய்து பிறகல்லவா உள்ளே நுழைந்திருக்க வேண்டும், பிரதமரே சட்டத்தை மீறியவர்களுக்குக் குடை பிடிக்கலாமா என்பது அவர்கள் வாதம். வாதம் கேலிக்குரியதன்று. சட்டம் முன்னால் போக வேண்டும், மனிதன் பின்னால் போக வேண்டும் என்பது நல்ல ஒழுங்குதான். ஆனால் அதே ராஜாஜி ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1930-இல், திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து போய் உப்பெடுத்துச் சட்டத்தை மீறிச் சிறை சென்றவர் என்பதையும் எண்ண வேண்டும். அன்று அவர் மீறிய சட்டம் அந்நியன் போட்டது. மதுரையில் மீறப்பட்டது நம்மவர்களே போட்டுக்கொண்டது. இரண்டாவதுதான் மீறக் கடினமானது. உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் போனவனை ஊர் மாலை போட்டு வரவேற்றது. கோயில் பிரவேசத்துக்குப் போன வைத்தியநாதய்யர் தம் சொந்தச் சமூகத்தாரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார்.

அமெரிக்காவிலும் இப்படியொரு காலம் இருந்தது. 1850-ஆம் ஆண்டில் அந்நாட்டு மத்திய சர்க்கார் செய்த ஒரு சட்டப்படி, எஜமானனிடமிருந்து தப்பியோடி வந்த அடிமைக்கு ஒருவன் வீட்டில் இடம் கொடுத்தால் இடம் கொடுத்தவன் குற்றவாளி. பைபிளைக் கையில் வைத்திருந்த பக்தர்கள் பலர் அதை மீறி ஓடி வந்தவர்களைத் தங்கள் நிலவறைகளில் ஒளித்து வைத்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்குள் அடிமைத்தனமே சட்ட விரோதமாயிற்று. அதற்கு நடுவே ஒரு பெரிய யுத்தமும் நடந்து தொலைந்தது. மதுரையில் அவ்வளவு ரத்தம் சிந்தாமல் காரியம் முடிந்ததற்கு நாம் நன்றி செலுத்த வேண்டும்.

1947-ஆம் ஆண்டில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமராயிருந்தபோது, மாகாணம் முழுவதற்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. 1950-இல் அரசியல் சாஸனத்தின் 17-வது விதி தீண்டாமையை அடியோடு ஒழித்தது. 1955-இல் அதற்குத் தண்டனைச் சட்டம். 1957-இல், தென் கன்னட ஜில்லாவில் மூல்கி என்ற ஊரிலுள்ள வேங்கடரமணர் கோயிலைப் பற்றிய வழக்கில், சென்னைச் சட்டம் செல்லுமென்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கமுதித் தீர்ப்பிலிருந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள். இதற்குள், மதுரைக் கோயிலுக்குள் அழைத்துச் செல்லப்பட்ட கக்கன் மந்திரியாகிவிட்டார். பிற்பாடு போலீஸ் இலாகாவையே நிர்வகித்தார். காமராஜ் தம் மந்திரிசபையில் அறநிலைய இலாகாவை ஆதி திராவிட வகுப்பினரான பரமேஸ்வரனிடம் ஒப்படைத்தார். பழைய வழக்கத்தின்படி கோபுர வாசலைத் தாண்ட முடியாத வகுப்பைச் சேர்ந்தவரே கோயில்களுக்கெல்லாம் மேலதிகாரியாக வந்து நின்றார். காமராஜுக்குச் சட்டம் படிக்கும் பாக்கியம் கிடைத்ததில்லை. ஆனால் சட்டத்தை எப்படி ஜனங்களின் கண்ணுக்குத் தெரியும்படி செய்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

‘இதெல்லாம் சரி, சட்டத்தால் மனத்தை மாற்ற முடியுமா?’ என்று என் சிநேகிதர் ஒருவர் எப்போதும் கேட்பார். அவர் நல்லவர், தீண்டாமையை மனப்பூர்வமாக வெறுப்பவர். மனம் மாறினால் சட்டம் வேண்டாம், மனம் மாறாவிட்டால் சட்டம் பயன்படாது என்பது அவர் கட்சி. கேட்பதற்கு மிகவும் அழகாக இருக்கிறது. ஆனால் மனம் என்பது ஆகாயத்தில் தொங்கும் வஸ்துவன்று. கை செய்வதை நாள்தோறும் பார்த்துப் பார்த்தே மனம் பழகுகிறது. ஒரு டீக்கடையில் இரண்டு விதமான தம்ளர்கள் இருபது வருஷம் இருந்தால், அந்தக் கடையில் வளர்ந்த பையனுக்கு மனிதர்கள் இரண்டு விதம் என்பது பாடமாகிவிடும். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. போலீஸ்காரனுக்குப் பயந்தாவது இரண்டாவது தம்ளரை எடுத்துவிட்டால், அவனுடைய தம்பி வேறு பாடம் படிப்பான். சட்டம் கடைக்காரனுக்காகப் போடப்படுவதாக நினைக்கிறோம். அதன் பலனை அனுபவிக்கிறவர்கள் கடையில் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தைகள்.

சிநேகிதர் கட்சியிலும் உண்மை இல்லாமலில்லை. சட்டப் புத்தகம் எழுபது வருஷங்களாக அலமாரியில் இருக்க, கோயில் கதவு பூட்டியே இருந்த ஊர்கள் உண்டு. திருவண்ணாமலை ஜில்லாவில் தென்முடியனூர் என்ற ஊரில், அறநிலையத் துறையைச் சேர்ந்த முத்துமாரியம்மன் கோயிலுக்குள் அவ்வூர் ஆதி திராவிடர்கள் அதிகாரிகளும் போலீசாரும் உடன் வரச் சென்று பொங்கலிட்டது 2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில். 1947-ஆம் வருஷத்துச் சட்டம் அந்த ஊருக்கு நடந்து போய்ச் சேர எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது! எல்லா வேலையையும் சட்டமே பார்த்துக்கொள்ளும் என்று எண்ணி உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது நல்ல பதில்.

டாக்டர் அம்பேத்கார் 1948-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசுகையில், அரசியல் சாஸனத்துக்கு உரிய ஒழுக்கம் மனிதர்களுக்குப் பிறவியிலேயே அமைவதன்று, பயிரிட்டு வளர்க்க வேண்டியது என்றும், நம் ஜனங்கள் அதை இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றும் கருத்துப்படச் சொன்னார். அவர் சட்டம் எழுதிய மனிதர். சட்டம் மட்டும் போதும் என்று சொல்லியிருந்தால் யாரும் தவறாக நினைத்திருக்கமாட்டார்கள். பயிர் என்று வந்துவிட்டால் நாற்றங்கால் எது என்ற கேள்வி வருகிறது. நான் ஆசிரியன், பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வேன்.

சொல்லிவிட்டு வெட்கப்படவும் வேண்டியிருக்கிறது. எங்கள் தென் ஜில்லாக்களில் மாணவர்கள் கையிலே வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொரு ஜாதிக்கு ஒவ்வொரு நிறக் கூட்டு. பெயரைக் கேட்க வேண்டாம், ஊரைக் கேட்க வேண்டாம். மணிக்கட்டைப் பார்த்தால் போதும். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவனைப் பள்ளித் தோழர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதன் பின் சர்க்கார், ஓய்வுபெற்ற ஹைகோர்ட்டு நீதிபதி கே. சந்துருவைக் கொண்ட ஒரு நபர் குழுவை நியமித்தது. குழு 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயரில் ஜாதி கூடாது, கயிறு, மோதிரம் முதலிய அடையாளங்கள் கூடாது, மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பன அதன் சிபார்சுகளிற் சில.

கயிற்றைப் பற்றி எனக்குத் தெரிந்தது இது. அவிழ் என்றால் பையன் அவிழ்த்துவிடுவான். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாயந்தரம் மணி அடித்ததும் வாசலுக்கு வெளியே நின்று மறுபடியும் கட்டிக்கொள்வான். ஒருவனுக்கு ஒரு கையால் முடிச்சுப் போட வராது; பக்கத்திலிருப்பவன் உதவி செய்வான். உதவுகிறவன் சில சமயம் வேறு நிறத்துக் கயிற்றுக்காரனாக இருப்பான்! அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆயினும் காலையிலிருந்து மாலை வரை ஏழு மணி நேரம் வெறும் மணிக்கட்டோடு இருக்கிறார்களல்லவா? அந்த ஏழு மணி நேரத்தை நான் குறைவாக மதிக்கவில்லை.

அகரவரிசை அப்படி எளிதாக இல்லை. வகுப்பிலே பெயர்களை வரிசைப்படுத்தி உட்கார வைத்த மறு நாளே ஒரு தகப்பனார் வந்து சேர்ந்தார். பக்கத்துக் கிராமத்தில் நில புலம் உள்ளவர், மரியாதையான மனிதர்.

“சார், பையன் எப்போதும் மூன்றாம் பெஞ்சியிலே அவன் கூட்டாளிகளோடேதான் இருப்பான். இப்போ வேறே யாரோடேயோ போட்டிருக்கியளாமே?” என்றார்.

“யாரோடும் போடவில்லை, அண்ணாச்சி. எழுத்து வரிசை போட்டிருக்கிறது” என்றேன்.

“அதெல்லாம் சரிதான். இன்னார் பக்கத்திலேதான் இருக்கணும்னு எந்தச் சட்டத்திலே எழுதியிருக்கு? எடுத்துக் காட்டுங்க, நான் போயிடுதேன்.”

நான் சற்று யோசித்தேன். இவருடைய ஊரில் இன்னார் இந்தத் தெரு வழியாகப் போகக் கூடாது, இன்னார் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னார் போகக் கூடாது என்று ஆயிரம் விதிகள் இருக்கின்றன. ஒன்றும் எந்தப் புஸ்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஒன்றையும் எடுத்துக் காட்டச் சொல்லி அவர் யாரையும் கேட்டதில்லை. எழுதாத விதிக்கு மறுபேச்சில்லாமல் அடங்குகிறவர், எழுத்து வரிசைக்கு மட்டும் எழுத்து மூலமான ஆதாரம் கேட்கிறார்.

“சட்டத்தில் இல்லை, அண்ணாச்சி. அகராதியில் இருக்கிறது. ‘சு’வுக்குப் பிறகு ‘செ’தான் வரும், எந்த ஊரிலும் மாற்ற முடியாது” என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச நேரம் வகுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே அவர் பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையும் ஒரே புஸ்தகத்தைக் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் புஸ்தகம் கொண்டு வர மறந்துவிட்டான் போலும். “பரீட்சைக்காவது நல்லாப் படிச்சாச் சரி” என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். பையன் இந்த வாரமும் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான்.